கோடிங் பூட்கேம்ப்பில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

வேளச்சேரி, தி.நகர், வடபழனி, தாம்பரம், ஓ.எம்.ஆர். என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் சாஃப்ட்வேர் பயிற்சி மையத்தின் போர்டு தொங்குகிறது. முன்பு கம்ப்யூட்டர் சென்டர் என்றோம். இப்போது பாதிப் பேர் பூட்கேம்ப் என்கிறார்கள். 2011, 2012 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. சில மாதங்கள் மட்டும், காலையிலிருந்து மாலை வரை, எழுதி எழுதியே புரோகிராமிங் பழகிவிட்டு வேலைக்குப் போவது. இங்கே அது மூன்று முதல் ஆறு மாதப் படிப்பாக, ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்), டேட்டா அனலிட்டிக்ஸ், டெஸ்டிங் என்ற பெயர்களில் ஓடுகிறது.

இப்படி ஒரு இடத்தில் டிரெய்னராகவோ, மென்டராகவோ, பேட்ச் கோஆர்டினேட்டராகவோ, பிளேஸ்மென்ட் பிரிவிலோ புதிதாகச் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்றாகக் கோடு எழுதத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். கோடு தெரிந்திருக்க வேண்டும், சரி. அதைவிட அதிகமாகத் தேவைப்படுவது, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் பழக்கம். கீழே சொல்லும் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில், என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் பதவிப் பெயரை வைத்து வேலையை முடிவு செய்யாதீர்கள். 'ஸ்டூடண்ட் கவுன்சிலர்' என்றால் மாணவருக்கு ஆலோசனை சொல்வது என்று தோன்றும். பல இடங்களில் அது டெலிகாலர் வேலைதான். மாதத்துக்கு இத்தனை அட்மிஷன் என்று டார்கெட் இருக்கும், சம்பளத்தில் ஒரு பகுதி அதைப் பொறுத்தே வரும். டிரெய்னர் என்று எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டெமோ கிளாஸ், கல்லூரிகளுக்குப் போய் செமினார், மாலையில் விசாரிக்க வருபவர்களிடம் பேசுவது என்று எல்லாவற்றையும் தலையில் கட்டுவதும் உண்டு. இதில் எதுவும் கேவலமான வேலை இல்லை. ஆனால் சேர்ந்த பிறகு தெரிந்தால் மனசு விட்டுப்போகும். அதனால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஒரே நேரத்தில் எத்தனை பேட்ச் பார்க்க வேண்டும்? சிலபஸ் மையம் தருமா, நானே தயார் செய்ய வேண்டுமா? வார விடுமுறை எந்த நாள்? வேலையில் இருப்பவர்கள் சனி, ஞாயிறு பேட்ச்சுக்குத்தான் வருவார்கள் என்பதால் மற்ற ஊழியர்களுக்கு விடுமுறையாக இருக்கும் நாள் உங்களுக்கு உச்சகட்ட வேலை நாளாக இருக்கலாம்.

முடிந்தால், சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டிரெய்னர் எப்படிப் பேசுகிறார் என்பதை விட்டுவிட்டு, மாணவர்களின் திரைகளைப் பாருங்கள். எல்லோரும் தட்டிக்கொண்டிருக்கிறார்களா, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதிலேயே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளப் பட்டியலில் ஊழியராகச் சேர்க்கிறார்களா, 'கன்சல்டன்ட்' என்று மணிக்கணக்கில் காசு தருகிறார்களா என்பதைப் பாருங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் கேட்டுப் பாருங்கள். கன்சல்டன்ட் என்றால் இவை கிடையாது. தொழில்முறைக் கட்டணம் என்று வழக்கமாக 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். ஆண்டு வருமானத்துக்கு வரி வராது என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்ப வாங்கலாம். புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அவ்வளவுதான். 'வேலையை விட்டபின் இரண்டு வருஷம் வேறு பயிற்சி மையத்தில் சேரக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் பயந்துவிடவும் வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போதே வேறு இடத்தில் வகுப்பு எடுப்பது, மையத்தின் பாடக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு போவது ஆகியவை வேறு விஷயம். அவற்றைத் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பேட்ச் நடுவில் போக நேர்ந்தால் சிக்கல் வருவது அங்கேதான்.

சிலபஸை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்

பாடத்திட்டம் கைக்கு வந்ததும் அதில் உள்ள ஒவ்வொரு பயிற்சியையும், எளிதாகத் தோன்றுவதையும் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து தட்டிப் பாருங்கள். அதையும் உங்கள் நல்ல லேப்டாப்பில் செய்யாதீர்கள். மாணவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கல்லூரி முதல் வருஷத்தில் வாங்கிய விண்டோஸ் லேப்டாப். 4 ஜிபி ராம் இருக்கும், சில சமயம் பேட்டரி கழன்றிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மெஷினும் வரும். உங்கள் மேக்கில் இரண்டு நொடியில் முடிகிற வேலை அங்கே இரண்டு நிமிடம் இழுக்கும். அப்படி ஒரு மெஷினில் ஓட்டிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் வகுப்பு நின்றுபோகும் என்று முன்கூட்டியே தெரியும்.

செய்யும்போது உங்களுக்கு வந்த எர்ரர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிலபஸைவிட அந்த நோட்டுதான் பின்னால் அதிகம் உதவும்.

இன்ஸ்டலேஷன் நாள்

முதல் நாள் முழுக்க சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்வதிலேயே போகும். போகட்டும், அவசரப்படாதீர்கள். முதல் நாளே 'என் கம்ப்யூட்டர் சரியில்லை' என்று நினைக்கும் மாணவர் இரண்டாவது நாள் 'எனக்கு இது வராது' என்று நினைக்க ஆரம்பிப்பார்.

அடிக்கடி வரும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். பைத்தான் இன்ஸ்டால் ஆகியிருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். மாணவர் திரும்பவும் இன்ஸ்டால் செய்வார், திரும்பவும் ஸ்டோர் திறக்கும். இன்ஸ்டாலரின் முதல் திரையிலேயே கீழே 'பாத்'தில் (கமாண்டுகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டதுதான் காரணம். இந்த ஒரு கட்டத்தை புரொஜெக்டரில் பெரிதாக்கிக் காட்டி, எல்லோரும் டிக் செய்த பிறகு அடுத்த பட்டனை அழுத்தச் சொன்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இன்னொன்று, வை-ஃபை. முப்பது பேர் ஒரே நேரத்தில் பெரிய ஃபைலை டவுன்லோட் செய்தால் எந்த லைனும் படுத்துவிடும். தேவையான இன்ஸ்டாலர்களை எல்லாம் முந்தின நாளே இரண்டு மூன்று பென் டிரைவில் போட்டு வைத்துவிடுங்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்

சென்னை பேட்ச்சில் சென்னைக்காரர்கள் பாதி இருந்தாலே அதிகம். விழுப்புரம், திருவண்ணாமலை, தஞ்சாவூர், தென்காசி என்று வந்து வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ பி.ஜி.யில் தங்கியிருப்பார்கள். மெக்கானிக்கல், சிவில் முடித்தவர்கள், பி.எஸ்சி. படித்தவர்கள், இரண்டு வருஷம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியவர்கள், குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் மீண்டும் வேலை தேடும் பெண்கள் என்று எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். வீட்டில் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர் முதல் பெஞ்ச்சிலேயே இருக்கலாம். அதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

எல்லோரையும் 'நீங்க, வாங்க' என்றே கூப்பிடுங்கள். இருபத்திரண்டு வயதுப் பையனை 'வாடா' என்றும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணை 'வாங்க' என்றும் அழைத்தால் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அவர்கள் உங்களை சார், மேம் என்பார்கள். கொஞ்ச நாளில் அண்ணா, அக்கா ஆகிவிடும். அதைத் தடுக்க வேண்டாம். அக்காவிடம் கேட்க முடிகிற சந்தேகத்தை மேமிடம் கேட்கத் தயங்குகிறவர்கள் உண்டு.

மொழி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. தமிழில் விளக்குங்கள். லூப், ஃபங்ஷன், அரே போன்ற பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொன்னால் தமிழ்வழியில் படித்தவருக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்குமே சீக்கிரம் புரிகிறது. ஆனால் இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் தினமும் கடைசி இருபது நிமிடம், அன்று எழுதிய கோடை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் இரண்டு வாக்கியம் வந்தால் போதும். இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். பேச்சு நிற்காமல் போகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வகுப்பு எடுக்கும்போது

ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தாதீர்கள். புரொஜெக்டரில் எடிட்டரைத் திறந்து, அவர்கள் கண்முன்னே தட்டுங்கள். நீங்கள் தட்டும் வேகத்தில்தான் அவர்களும் தட்ட முடியும் என்பதால் பாடம் தானாகவே நிதானமாகும். நடுவில் எர்ரர் வந்தால் இன்னும் நல்லது. எர்ரர் செய்தியைச் சத்தமாகப் படித்து, எந்த வரி என்று பார்த்து, சரி செய்வதை அவர்கள் நேரில் பார்ப்பது எந்தப் பாடத்துக்கும் குறைந்தது இல்லை.

'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். 'புரிஞ்சுது மேம்' என்று முப்பது குரல் வரும். புரியாதவரின் குரலும் அதில் இருக்கும். அதற்குப் பதிலாக ஐந்தாறு வரிக் கோடைத் திரையில் போட்டு, ஓட்டுவதற்கு முன், 'என்ன வரும்னு பேப்பர்ல எழுதுங்க' என்று சொல்லுங்கள். எழுதிய பிறகு ஓட்டிக் காட்டுங்கள். யாரையும் கைதூக்கச் சொல்ல வேண்டாம். பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தால் எத்தனை பேர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பேப்பரிலேயே தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று வையுங்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்குக் கம்ப்யூட்டர் திறன்களைக் கற்றுத்தர 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற அமைப்பின் பயிலரங்குகளில் ஒரு எளிய முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிற ஸ்டிக்கி நோட் கொடுப்பார்கள். முடித்தவர் ஒரு நிறத்தை லேப்டாப் மூடியில் ஒட்டுவார், உதவி தேவைப்படுகிறவர் இன்னொன்றை ஒட்டுவார். நம் ஊருக்கு இது மிகவும் பொருந்துகிறது. கையைத் தூக்கி, இத்தனை பேர் முன்னால் 'எனக்கு வரல' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், சிவப்புத் தாளை ஒட்டத் தயங்குவதில்லை. இரண்டு மூன்று ஸ்டிக்கி நோட் கட்டு வாங்க ஆகிற செலவுதான்.

லேப்பில் கீபோர்டைத் தொடாதீர்கள்

மென்டர் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மாணவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். உங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தவறு தெரிந்துவிடும். கை தானாக அவருடைய கீபோர்டுக்குப் போகும். பத்து நொடியில் சரி செய்துவிட்டு, 'இதான்பா' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகலாம். மாணவரும் நன்றி சொல்வார். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஓடும் கோடு மட்டும்தான். நாளைக்கு அதே இடத்தில் திரும்ப நிற்பார்.

ஒரு உதாரணம். பைத்தானில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம். 10, 20 கொடுத்தால் 30 வர வேண்டும். திரையில் 1020 என்று வந்திருக்கிறது. எர்ரர் எதுவும் இல்லாததால் மாணவருக்குக் குழப்பம் இன்னும் அதிகம்.

"என்ன வரும்னு நினைச்சீங்க?"

"30 அக்கா."

"என்ன வந்திருக்கு?"

"ஆயிரத்து இருபது."

"10-ஐயும் 20-ஐயும் என்ன பண்ணினா 1020 வரும்?"

இங்கே ஒரு இடைவெளி வரும். அதை நீங்கள் நிரப்பாதீர்கள், காத்திருங்கள்.

"பக்கத்துல பக்கத்துல எழுதினா வரும்."

"அப்போ பைத்தான் கூட்டியிருக்கா, ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு."

"ஏன் ஒட்டுச்சு? அந்த வேரியபிளோட டைப் என்னன்னு பிரிண்ட் பண்ணிப் பாருங்க."

ஸ்ட்ரிங் என்று வரும். இன்புட் வழியாக வருவதெல்லாம் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக மாற்ற வேண்டியது நம் வேலை என்பதை அவரே சொல்லிவிடுவார். இதற்கு நான்கு நிமிடம் ஆகும். முப்பது பேருக்கு நான்கு நிமிடம் என்றால் எப்படி என்று கேட்கலாம். இப்படி ஒருமுறை கண்டுபிடித்தவர் அடுத்த தடவை டைப்பைத் தானே பிரிண்ட் செய்து பார்த்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லித் தருவார். மூன்றாவது வாரத்திலிருந்து உங்களைத் தேடி வரும் கேள்விகளின் தரமே மாறிவிடும்.

நீங்கள் நேரடியாகச் சொல்லிவிட வேண்டிய இடங்களும் உண்டு. செட்டப் சம்பந்தப்பட்ட தவறுகளில் மாணவரை யோசிக்க வைத்துப் பயன் இல்லை. இணையத்தில் டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும் சேவையான மோங்கோடிபி அட்லஸ் இதற்கு நல்ல உதாரணம். 'கிளாஸ்ல ஓடுச்சு, ரூமுக்குப் போனா டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல' என்று இரவில் மெசேஜ் வரும். அட்லஸில் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வகுப்பு வை-ஃபையின் முகவரி அதில் இருக்கும், பி.ஜி. வை-ஃபையின் முகவரி இருக்காது. இதைச் சொல்லிக் கொடுத்து நகர்ந்துவிடுங்கள். அதேபோல, பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலை, கோடை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே பாஸ்வேர்டை மாற்ற வையுங்கள். ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே இருக்கும் என்பதை அப்புறம் விளக்கலாம்.

ஏஐ எழுதிக் கொடுத்த கோடு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், வீட்டுப்பாடம் எல்லாமே அழகாக முடிந்து வருகிறது. தடை போட்டுப் பயனில்லை. வேலைக்குப் போனாலும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள். கொண்டுவந்த கோடில் ஒரு வரியைத் தொட்டு, 'இதை எடுத்துட்டா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். அல்லது ஒரு சின்ன மாற்றம் சொல்லி உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் மதிப்பெண் குறைக்க வேண்டாம், அந்தப் பகுதியை ஏஐ இல்லாமல் திரும்ப எழுதி வரச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் எடிட்டரில் தானாக நிரப்பும் ஏஐ வசதியை அணைத்து வைக்கச் சொல்வது நல்லது. கைக்குப் பழக்கம் வராமல் போனால் இன்டர்வியூவில் வெள்ளைத்தாளைக் கொடுக்கும்போது திணறுவார்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம்

முதல் இரண்டு வாரம் உற்சாகமாகப் போகும். ஃபங்ஷன், ஆப்ஜெக்ட், ஜாவாஸ்கிரிப்ட்டில் அசிங்க் என்று பாடம் இறுகத் தொடங்கும்போது வருகைப் பதிவில் ஓட்டை விழும். தலைவலி, பஸ் லேட், சொந்தக்காரர் கல்யாணம் என்று காரணம் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் வராத மாணவரை மூன்றாவது நாள் காலையில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டுக் கேட்பது வேண்டவே வேண்டாம். தனியாக, போனில். 'ஏன் வரல?' என்று ஆரம்பித்தால் காரணம்தான் கிடைக்கும். 'எந்தப் பாடம் வரைக்கும் ஓகே?' என்று கேட்டால் விஷயம் வரும். பதில் கிடைத்ததும், அடுத்த நாள் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லி, விட்ட இடத்தை மட்டும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவர்கள் நிறைய.

சிலருக்குப் பிரச்சினை பாடம் இல்லை, பணம். இங்கே ஒரு விஷயத்தை ஊழியர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'மாதத் தவணையில் கட்டலாம்' என்று சொல்லிச் சேர்க்கும்போது, பல இடங்களில் அது மையத்துக்குக் கட்டும் தவணை கிடையாது. ஒரு நிதி நிறுவனம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ கடன் கொடுத்து, முழு ஃபீஸையும் மையத்துக்குக் கட்டிவிடும். மாணவர் பாதியில் நின்றாலும் இ.எம்.ஐ. ஓடும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோரில் விழும், பிறகு வீட்டுக் கடன், வண்டிக் கடன் வாங்கும்போது அது எதிரே வந்து நிற்கும். நீங்கள் கவுன்சிலராக இருந்தால் இதைச் சேர்க்கும்போதே தமிழில், பெற்றோரும் இருக்கும்போது, தெளிவாகச் சொல்லுங்கள். ஃபீஸ் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியா, சேர்த்தா என்பதையும் சொல்லுங்கள். படிப்பு தனக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் தயங்குகிறவரைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசம். பாம்பே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. கல்லூரியில் இருப்பவர் என்றால் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கிடைப்பதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் அதில் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்தான் கடைசி வரை நிற்கும் மாணவர்.

மழை, ஊர், பண்டிகை

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அப்படி ஒரு வாரம் வந்தால் ஆன்லைன் வகுப்பும் நடக்காது, ஏனென்றால் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது. அதனால் இந்த மாதங்களில் ஓடும் பேட்ச்சுக்கு ஒரு வாரம் கூடுதலாக வைத்தே அட்டவணை போடுங்கள்.

தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புவதால், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் மதியமே பையோடு வருவார்கள். திங்கள் காலை தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். புதிய, கடினமான பாடத்தைச் செவ்வாய், புதன் கிழமைகளில் வையுங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தின வாரம் புதுப்பாடம் எதுவும் தொடங்காதீர்கள்.

வேலை விஷயத்தில் உண்மை பேசுங்கள்

மாணவர் வந்திருப்பதே வேலைக்காகத்தான். எனவே இந்த இடத்தில் வாய் வார்த்தை மிகவும் முக்கியம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க நெறிமுறைகளை வெளியிட்டது. தேர்வு நிச்சயம், வேலை நிச்சயம் என்பது போன்ற பொய் வாக்குறுதி கூடாது. வெற்றிபெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் போடக்கூடாது, அந்தச் சம்மதத்தையும் அவர் வெற்றிபெற்ற பிறகே வாங்க வேண்டும். மேலிடத்திலிருந்து 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்னு சொல்லுங்க' என்று வந்தால் இதைக் காட்டலாம். 'இத்தனை கம்பெனிகளுக்கு உங்கள் ரெஸ்யூமை அனுப்புவோம், இத்தனை மாக் இன்டர்வியூ (பயிற்சிக்கான மாதிரி இன்டர்வியூ) வைப்போம்' என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. அதை மட்டும் கொடுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது என்று பல பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் வடிகட்டும். இது முதல் வாரத்திலேயே மாணவருக்குத் தெரிந்தால் அவர் சின்ன நிறுவனங்கள், புராடக்ட் கம்பெனிகள் பக்கம் திட்டமிடுவார். ஐந்தாவது மாதத்தில் தெரிந்தால் உடைந்துபோவார்.

'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்' என்ற பேச்சு இந்த ஊரில் நடக்கிறது. உங்களைச் சுற்றி யார் செய்தாலும் நீங்கள் அதில் கை வைக்காதீர்கள். கம்பெனிகள் பின்னணியைச் சரிபார்க்கும்போது, பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். கணக்கில் எந்த நிறுவனம் எப்போது பணம் கட்டியது என்று பார்க்கிறார்கள். பொய் அனுபவம் அங்கே தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் வேலை போவதோடு, அந்தப் பிள்ளையின் பெயரும் கெடும்.

ரெஸ்யூமில் உண்மையான பலம் புராஜெக்ட்தான். பேட்ச்சில் எல்லோரும் ஒரே டு-டூ ஆப், ஒரே ஷாப்பிங் சைட் செய்தால், இன்டர்வியூ எடுப்பவர் அன்று காலையிலேயே அதை நான்கு தடவை பார்த்திருப்பார். மாணவரின் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பா மாவு மில் வைத்திருந்தால் அதன் வரவு செலவுக் கணக்கு, அம்மா தையல் வேலை செய்தால் அளவுகளைக் குறித்துவைக்கும் ஆப். 'ஏன் இந்த டேபிளை இப்படிப் பிரிச்சீங்க?' என்று கேட்டால் அவரிடம் மனப்பாடம் செய்யாத பதில் இருக்கும்.

பேட்ச் முடிந்த பிறகு

உங்கள் கோடிங்கும் துருப்பிடிக்கக் கூடாது. வாரத்தில் சில மணி நேரம் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதையாவது கட்டிப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே சிலபஸை எடுப்பவருக்கு வெளியே வேலை தேடுவது கஷ்டமாகிவிடும்.

அடுத்த பேட்ச் தொடங்கியதும் முந்தைய பேட்ச்சில் வேலை கிடைக்காதவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். குரூப்பில் வாழ்த்துச் செய்திகள் வரும்போது அவர்கள் வாயைத் திறப்பதில்லை. அவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வைத்து, வாரம் ஒருநாள் அரை மணி நேரம் ஒதுக்கிக் கூப்பிடுங்கள். 'வேலை கிடைச்சுதா?' என்று கேட்காதீர்கள். அதை வீட்டில் தினமும் கேட்கிறார்கள். 'இந்த வாரம் எங்கெல்லாம் அப்ளை பண்ணீங்க, எந்த ரவுண்டுல நின்னுது?' என்று கேளுங்கள். ரெஸ்யூமிலேயே நின்றால் அதை மாற்ற உதவுங்கள். ஆப்டிட்யூடில் நின்றால் தினமும் இருபது கணக்கு போடச் சொல்லுங்கள். டெக்னிக்கல் ரவுண்டில் நின்றால் கேட்ட கேள்விகளை அன்றைக்கே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எச்.ஆர். ரவுண்டில் நின்றால் மையத்துக்கு வரச் சொல்லி, வேலை கிடைத்துப்போன பழைய மாணவர் ஒருவரை எதிரே உட்காரவைத்து இரண்டு மாக் இன்டர்வியூ நடத்துங்கள்.